போலி டாக்டரைப் பிடிக்கிறோம், போலிக் காரணத்தை எப்ப பிடிக்கப் போறோம்?

1/
நீளமான இழை. பொறுமையா படிங்க. படிச்சிட்டு உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்லயும் போடுங்க.

நாய் கடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு தண்ணி டம்ளரைப் பார்த்தாலே மிரள்றவர். மஞ்சள் காமாலைக்கு இருபது நாள் பச்சிலை குடிச்சிட்டு நினைவில்லாம வர்றவர். இன்சுலினை நிறுத்திட்டு மூச்சு வாங்க வர்ற ஸ்கூல் பையன். எந்த அரசு ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டாலும் இந்த மூணு பேரையும் பார்த்திருப்பார். இவங்க யாரும் முட்டாள் இல்லை. அக்கறையான ஒருத்தர் இவங்களுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பார். கேட்க நியாயமா இருந்திருக்கும். ஆனா அது காரணமே இல்லை.

2/
போலி டாக்டர் சிக்கினா பேப்பர்ல போட்டோவோட செய்தி வருது. போலிக் காரணம் மட்டும் தினமும் நம்ம வீட்டு ஹால்ல சோபா போட்டு உட்கார்ந்திருக்கு, அதுக்கு காபியும் குடுக்கிறோம்.

இது வெளிநாட்டு சரக்குன்னு நினைக்காதீங்க. மணிமேகலையோட 29-ஆம் காதையில அறவண அடிகள் மணிமேகலைக்கு தர்க்கப் பாடமே எடுக்கிறார். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலின்னு வகை பிரிச்சு சொல்லித் தர்றார். ஏதுன்னா காரணம். ஏதுப்போலின்னா காரணம் மாதிரி வேஷம் கட்டி வர்றது. இவ்வளவு பழைய பாடம் நம்ம கையில இருக்கு. ஆனா பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போற புள்ளைக்கு இதுக்குன்னு ஒரு பீரியட் கிடையாது.

3/
முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இது அலோபதி - சித்தா சண்டை இல்லை. "நீங்க சித்தாவுக்கு எதிரி"ன்னு கமெண்ட் போட தயாரா இருக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. எங்க ஆளுங்க பண்ற தப்பும் கடைசியில வருது. நான் கேட்கப் போறது ஒரே கேள்விதான்: "இது வேலை செய்யுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" எந்த மருத்துவமா இருந்தாலும் இந்தக் கேள்விக்கு பதில் சொல்லியே ஆகணும்.

4/
போலிக் காரணம் நம்பர் 1: காக்கா உட்கார பனம்பழம் விழுந்தது.

நம்ம ஊர்ல இதுக்கு பழமொழியே இருக்கு. காக்கா உட்கார்ந்துச்சு, பழம் விழுந்துச்சு, ரெண்டும் உண்மை. காக்காதான் தள்ளி விட்டுச்சுங்கிறது மட்டும் கற்பனை. பழமொழி எல்லாருக்கும் தெரியும், ஆனா உடம்புக்குன்னு வந்துட்டா மறந்துடுறோம். "இதைக் குடிச்சேன், சரியாயிடுச்சு." சரி. குடிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்த ரெண்டாவது கேள்வியை யாரும் கேட்கிறதே இல்லை.

5/
மஞ்சள் காமாலையை எடுத்துக்கோங்க. கெட்டுப்போன தண்ணி, சாப்பாட்டுல வர்ற ஹெபடைடிஸ் ஏ வைரஸ்தான் நம்ம ஊர் பசங்களுக்கு வர்ற காமாலைக்கு முக்கியமான காரணம். அது பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல தானாவே சரியாகிடும். கீழாநெல்லி குடிச்சாலும் சரியாகும், மோர் குடிச்சாலும் சரியாகும், ஒண்ணுமே குடிக்காம படுத்திருந்தாலும் சரியாகும். ஆனா பேரு யாருக்குப் போகுது? அந்த ஊர்ல யாரு மருந்து குடுத்தாங்களோ அவங்களுக்கு.

6/
இதுல என்ன ஆபத்துன்னு கேக்குறீங்களா? மஞ்சள் காமாலைங்கிறது ஒரு நோயோட பேரே இல்லை, அது ஒரு அறிகுறி. பித்தக்குழாய்ல கல் அடைச்சாலும் கண்ணு மஞ்சளாகும். கணையத்துல புற்றுநோய் வந்தாலும் ஆகும். எலிக்காய்ச்சல்லயும் ஆகும். யாருக்கும் சொல்லாம எலி பேஸ்ட் சாப்பிட்ட பொண்ணுக்கும் ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆகும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தா உயிருக்கே ஆபத்து.

நூறு பேருக்கு "சரியான" அதே மருந்தை இவங்களுக்கும் குடுத்து இருபது நாள் வீட்டுல உட்கார வச்சா, அந்த இருபது நாள்தான் அவங்க உயிரோட விலை.

7/
பாம்புக்கடி. மந்திரிக்கிறவர் சொல்வார்: "நூறு பேருக்கு மேல காப்பாத்தியிருக்கேன்." அவர் பொய் சொல்லணும்னு அவசியமே இல்லை. நம்ம ஊர் பாம்புகள்ல பெரும்பாலான வகைக்கு ஆளைக் கொல்ற விஷம் கிடையாது. விஷப்பாம்பே கடிச்சாலும் சில நேரம் விஷம் இறங்காது. அதனால மந்திரிச்சாலும் பலர் பிழைப்பாங்க, மந்திரிக்காட்டியும் பிழைப்பாங்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுல ஒண்ணு கடிச்சு விஷம் ஏறினவருக்குத்தான் உண்மையான பரீட்சை. அங்க மந்திரம் ஃபெயில். செத்தவர் கணக்கை மட்டும் "விதி"ன்னு எழுதிடுவாங்க.

8/
இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்கு சுமார் 58,000 பேர் இறக்கிறாங்கன்னு மதிப்பீடு. 2000-ல இருந்து 2019 வரைக்கும் கிட்டத்தட்ட 12 லட்சம் பேர். விஷமுறிவு மருந்து இருக்கிற நாட்டுல.

அந்த மருந்துக்கு வேணும்கிற விஷத்தை எடுத்துக் குடுக்கிறது யாரு தெரியுமா? நம்ம செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல தொடங்கினது. பாரம்பரிய அறிவுன்னு பெருமைப்படணும்னா இதுக்குப் பெருமைப்படுங்க. பாம்பை நம்ம யாரையும் விட நல்லா தெரிஞ்ச இருளர் கைப்பக்குவமும் ஆய்வகமும் சேர்ந்ததுதான் அந்த ஊசி.

9/
நாய்க்கடி இதைவிட மோசம். வெறிநோய் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட நூறு சதவீதம் மரணம். ஆனா கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறிநோய் இருக்காது. வெறிநோய் உள்ள நாய் கடிச்சாலும் எல்லாருக்கும் நோய் வந்துடாது. அதனால வேர் கட்டினவர், பத்தியம் இருந்தவர், சுண்ணாம்பு வச்சவர் எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க, வராதவரைக்கும். கிருமி உடம்புல பல வாரம், பல மாசம் கூட அமைதியா இருக்கும். அந்த அமைதியைத்தான் "பார்த்தியா, ஒண்ணும் ஆகல"ன்னு சாட்சியா காட்டுறாங்க.

குன்னூர்ல 1907-ல பாஸ்டர் நிறுவனம் தொடங்கினது இந்த நோய்க்காகத்தான். நூறு வருஷம் தாண்டியாச்சு. நாம இன்னும் வேர் கட்டிட்டு இருக்கோம்.

10/
டெங்கு சீசன் வந்தா பப்பாளி இலைச்சாறு. டெங்குவுல தட்டணுக்கள் மூணாம் நாள் வாக்குல குறைய ஆரம்பிச்சு, காய்ச்சல் விட்டு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு தானா ஏறும். அது அந்த நோயோட இயல்பு. ரொம்ப குறைஞ்ச அன்னைக்குத்தான் வீட்டுல பயந்து சாறு குடுப்பாங்க. மறுநாள் ஏறும். சாறு ஜெயிச்சிடும்! தட்டணு கொஞ்சம் வேகமா ஏறுதான்னு சின்ன சின்ன ஆய்வுகள் நடந்திருக்கு. ஆனா சாறு உயிரைக் காப்பாத்துதுன்னு யாரும் நிரூபிக்கல.

டெங்குவுல ஆளைக் கொல்றது பெரும்பாலும் தட்டணு குறையறது இல்லை. காய்ச்சல் விட்ட அந்த ஒண்ணு ரெண்டு நாள்ல ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு பிரஷர் விழுறது. வயித்து வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிட்டுப் போறது, அசதி. எல்லாரும் நம்பரையே பார்த்துட்டு இருக்கும்போது புள்ளை கைவிட்டுப் போயிடும்.

11/
இதே காக்கா தலைகீழாவும் உட்காரும். "ஊசி போட்டாங்க, மறுநாள் செத்துட்டார்."

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்னைக்கு ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில கொரோனா தடுப்பூசி போட்டுக்கிட்டார், மத்தவங்களுக்கு நம்பிக்கை வரணும்னு. மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி இறந்துட்டார். இதயத்தோட முக்கியமான ரத்தக்குழாய்ல முழு அடைப்பு இருந்ததா ஆஸ்பத்திரி சொன்னாங்க. அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு பல வருஷத்துல உருவாகிறது, ஒரே ராத்திரியில வர்றது இல்லை. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழுவும் விசாரிச்சு, ரெண்டுக்கும் தொடர்பில்லைன்னு அறிக்கை குடுத்துச்சு. விசாரிச்சது சரி. விசாரிக்கத்தான் வேணும். ஆனா அறிக்கை வர்றதுக்குள்ள எத்தனை வீட்டுல "பார்த்தியா" சொல்லி பெரியவங்களை வீட்டுலயே உட்கார வச்சாங்க?

12/
கணக்கு சிம்பிள். தமிழ்நாட்டுல சாதாரண நாள்லயே தினமும் ஆயிரம் பேருக்கு மேல இறக்கிறாங்க. ஒரு நாள்ல சில லட்சம் பேருக்கு எதைக் குடுத்தாலும், தடுப்பூசி வேண்டாம், இட்லியே குடுத்தாலும், அதுல சிலர் அடுத்த ரெண்டு நாள்ல இறப்பாங்க. இட்லியை யாரும் குத்தம் சொல்ல மாட்டோம். தடுப்பூசி போட்டவங்க போடாதவங்களை விட அதிகமா இறந்தாங்களாங்கிறதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

13/
ஆட்டிசம் விஷயமும் இதேதான். ஆட்டிசத்தோட அறிகுறிகள் பெத்தவங்க கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது ஒண்ணரை, ரெண்டு வயசு வாக்குல. தட்டம்மைத் தடுப்பூசி போடுறதும் அந்த வயசுலதான். 1998-ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெறும் 12 குழந்தைகளை வச்சு லான்செட்ல ஒரு கட்டுரை எழுதினார். 2010-ல லான்செட் அதைத் திரும்பப் பெற்றது, அதே வருஷம் பிரிட்டன் அவர் பேரை டாக்டர் பட்டியல்ல இருந்தே நீக்குச்சு. 2019-ல டென்மார்க்ல 6,57,461 குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்துச்சு. தடுப்பூசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஆட்டிசத்துல வித்தியாசமே இல்லை. ஆனா நம்ம குரூப்ல இன்னும் ஓடுறது அந்த 12 பேர் கதைதான்.

14/
போலிக் காரணம் நம்பர் 2: எங்க தாத்தா.

"எங்க தாத்தா தினமும் ஒரு கட்டு பீடி. 92 வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார்." சந்தோஷம். ஆனா அவரோட சேர்ந்து பீடி குடிச்சவங்கள்ல 50 வயசுல போனவரோட பேரன் வந்து "எங்க தாத்தா"ன்னு பேச மாட்டான். அவன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை.

பிரிட்டன்ல 1951-ல ஆரம்பிச்சு 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. வாழ்நாள் முழுக்க சிகரெட் குடிச்சவங்க, குடிக்காதவங்களை விட சராசரியா பத்து வருஷம் முன்னாடியே இறந்தாங்க. அதுலயும் 90 தாண்டின புகைக்காரர் இருந்திருப்பார். அவர் ஒருத்தர். கணக்குங்கிறது மீதிப் பேரையும் சேர்த்துப் பார்க்கிறது.

15/
இதோட இன்னொரு வடிவம்: "எங்க பாட்டி பத்து புள்ளை பெத்தா, எல்லாம் வீட்டுலதான்."

பாட்டிகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. பத்துல எத்தனை தங்குச்சு? உங்க கூடப்பிறந்தவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது பிரசவத்துல போனாங்களா? பாட்டி கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க. அப்புறம் பேரைச் சொல்வாங்க, வரிசையா.

1971-ல இந்தியாவுல பிறந்த ஆயிரம் குழந்தைகள்ல 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கல. 2020-ல அது 28. தமிழ்நாட்டுல 13. சுதந்திரம் வாங்கினப்போ சராசரி ஆயுள் சுமார் 32. இப்ப 70-ஐ ஒட்டி. "அந்தக் காலத்துல எல்லாரும் ஆரோக்கியமா இருந்தாங்க"ன்னு சொல்றவங்க, தப்பிச்சு வந்தவங்களை மட்டும் எண்ணிட்டு சொல்றாங்க.

16/
இதைப் பேச்சுக்குச் சொல்லல. 2018 ஜூலையில திருப்பூர்ல ஒரு இளம் பள்ளி ஆசிரியை வீட்டுலயே, யூடியூப் வீடியோ பார்த்து பிரசவம் பண்ணப் போய் ரத்தப்போக்குல இறந்தார். படிச்ச குடும்பம். அவங்களை அந்த முடிவுக்குத் தள்ளினது கெட்ட எண்ணம் இல்லை. "காலம் காலமா இப்படித்தானே பெத்தாங்க"ங்கிற ஒரு வாக்கியம்.

காலம் காலமா இப்படித்தான் செத்தாங்களும் கூட. 1997-98-ல இந்தியாவுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 398 தாய்மார் இறந்தாங்க. 2018-20-ல 97. தமிழ்நாட்டுல 54. இங்க 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்கிறதால அந்தச் சாவை நாம கண்ணால பார்க்கிறதில்லை. பார்க்காததால அது இல்லைன்னு நினைச்சுக்கிறோம்.

17/
போலிக் காரணம் நம்பர் 3: இயற்கையானது, அதனால கெடுதல் பண்ணாது.

மஞ்சள் அரளி விதை இயற்கை. அதை அரைச்சுக் குடிச்சு இதயத்துடிப்பு தாறுமாறா ஓடி வர்றவங்களை நம்ம மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல கேளுங்க. செங்காந்தள் நம்ம மாநிலப் பூ. அதோட கிழங்கு சாப்பிட்டா ஆளு காலி. அதே கிழங்குல இருக்கிற கோல்சிசினை அளந்து சின்ன அளவுல குடுத்தா மூட்டுவாத வலிக்கு மருந்து. செடி ஒண்ணுதான். வித்தியாசம் அளவுல இருக்கு. அளவு தெரியணும்னா ஆராயணும். "இயற்கை"ங்கிற ஒரு வார்த்தை அந்த ஆராய்ச்சியை வேண்டாம்னு சொல்ல வைக்குது.

18/
2004-ல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துக் கடைகள்ல விற்ற, தெற்காசியாவுல தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை சோதிச்சாங்க. 14-ல ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்துச்சு. ஈயமும் இயற்கைதான். பாதரசமும் இயற்கைதான். கிட்னிக்கு அது தெரியாது.

மறுபக்கம் பாருங்க. இன்சுலின் "கெமிக்கல்"னு சொல்லி நிறுத்தச் சொல்றாங்க. இன்சுலின் நம்ம கணையம் சுரக்கிறது. டைப் 1 சர்க்கரை வந்த குழந்தைக்கு அது சுரக்கல, அதனால வெளியில இருந்து குடுக்கிறோம். 1922 ஜனவரியில டொரான்டோவுல 14 வயசுப் பையனுக்கு முதல்முறையா போடுற வரைக்கும் இந்தக் குழந்தைங்க ஒண்ணு ரெண்டு வருஷத்துல இறந்துடுவாங்க. கஷாயத்தை நம்பி இன்சுலினை நிறுத்துறவங்க அந்தக் குழந்தையை 1921-க்குத் திருப்பி அனுப்புறாங்க.

19/
போலிக் காரணம் நம்பர் 4: பெரிய மனுஷர் சொன்னார்.

லைனஸ் பாலிங். 1954-ல வேதியியல் நோபல், 1962-ல அமைதி நோபல். மகா மேதை, சந்தேகமே இல்லை. அவர் வைட்டமின் சி-யை அள்ளி அள்ளி சாப்பிட்டா சளி வராது, புற்றுநோய்க்கும் நல்லதுன்னு வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அமெரிக்காவுல மேயோ கிளினிக் புற்றுநோயாளிகளுக்குக் குடுத்துப் பார்த்து 1979-லயும் 1985-லயும் முடிவு வெளியிட்டாங்க. பலன் இல்லை. பாலிங் 1994-ல 93 வயசுல புற்றுநோயில இறந்தார். "93 வயசு பாருங்க!"ன்னு யாராவது சொன்னா, 14-ஆம் நம்பர் ட்வீட்டுக்குப் போய் தாத்தாவைப் பார்த்துட்டு வாங்க.

ரெண்டு நோபல் வாங்கினவர் சொன்னதையே சோதிச்சுதான் ஏத்துக்கணும்னா, பத்து லட்சம் பேர் பார்த்த யூடியூப்காரருக்கும் அதே சோதனைதான். எத்தனை பேர் பார்த்தாங்கங்கிறது அவர் வருமானத்துக்கு ஆதாரம். மருந்துக்கு இல்லை.

20/
போலிக் காரணம் நம்பர் 5: நீ கமிஷன் வாங்குறவன்.

எதைச் சொன்னாலும் வர்ற பதில். "மருந்து மாஃபியா." நான் கமிஷன் வாங்கினேனா இல்லையாங்கிறது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா நான் அயோக்கியனாவே இருந்தாலும் வெறிநோய்க் கிருமி அதைப் பார்த்து மனசு மாறாது. சொல்றவன் யாருங்கிறதை வச்சு எவ்வளவு சந்தேகப்படணும்னு முடிவு பண்ணலாம். சொன்னது உண்மையா பொய்யான்னு முடிவு பண்ண முடியாது. அதுக்கு ஆதாரத்தைத்தான் பார்க்கணும்.

லாப நோக்கம்தான் அளவுகோல்னா, மூணு மாச கோர்ஸுக்கு முப்பதாயிரம் வாங்கிட்டு பில் குடுக்காத "இயற்கை" மையத்தையும் அதே கோலால அளங்க.

21/
"அலோபதியில தப்பே நடக்கலையா?" நடந்திருக்கு. தாலிடோமைடு 1957-ல விற்பனைக்கு வந்துச்சு. கர்ப்பிணிகள் சாப்பிட்டு பத்தாயிரத்துக்கு மேல குழந்தைகள் கை கால் ஊனத்தோட பிறந்தாங்க. 2025-ல மத்தியப் பிரதேசத்துல 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடிச்சு கிட்னி செயலிழந்து இறந்தாங்க. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. டைஎத்திலீன் கிளைகால்ங்கிற நஞ்சு கலந்திருந்துச்சு. இதுக்கு நான் கோபப்படுறேன், நீங்களும் கோபப்படணும், கண்காணிக்க வேண்டியவங்களைக் கேள்வி கேட்கணும்.

ஆனா அந்த நஞ்சை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? சாம்பிள் எடுத்து, ஆய்வகத்துல அளந்து. நான் எல்லா மருந்துக்கும் கேட்கிறது அதைத்தான். ஒரு சிரப்ல நஞ்சு இருந்துச்சுங்கிறது, சோதிக்கவே படாத லேகியம் பாதுகாப்பானதுன்னு காட்டுறது இல்லை. பக்கத்து வீடு எரிஞ்சா நம்ம வீட்டுல கேஸ் கசியலைன்னு அர்த்தமா?

22/
போலிக் காரணம் நம்பர் 6: கலிலியோவையும் நம்பலையே.

"இன்னைக்கு எங்களைச் சிரிக்கிறீங்க, நாளைக்கு உலகமே ஏத்துக்கும்." மருத்துவத்துல இதுக்கு நிஜ உதாரணம் உண்டு. செம்மல்வைஸ். 1847-ல வியன்னாவுல, பிரசவ வார்டுக்கு வர்ற டாக்டர்கள் குளோரின் கலந்த தண்ணியில கை கழுவணும்னார். சீனியர்கள் ஏத்துக்கல. ஆனா அவர் கையில என்ன இருந்துச்சு? கணக்கு. ஏப்ரல்ல சுமார் 18 சதவீதம் தாய்மார் இறந்த அந்த வார்டுல, கை கழுவ ஆரம்பிச்சப்புறம் ஜூன்ல சுமார் 2 சதவீதம்.

செம்மல்வைஸைச் சிரிச்சாங்க, அது உண்மை. சிரிக்கப்பட்ட எல்லாரும் செம்மல்வைஸ் இல்லை. "என்னை மிரட்டுறாங்க, என் வீடியோவை நீக்குறாங்க"ங்கிறதை ஆதாரமா காட்டுறவர்கிட்ட, "சரி, உங்க கணக்கு எங்க?"ன்னு கேளுங்க. எத்தனை பேருக்குக் குடுத்தீங்க, எத்தனை பேருக்குச் சரியாச்சு, எத்தனை பேர் செத்தாங்க? அங்கதான் பேச்சு நிக்கும்.

23/
இப்ப எங்க ஆளுங்க.

வைரஸ் காய்ச்சல் மூணு நாள், அஞ்சு நாள்ல தானா விடும். மூணாம் நாள் கிளினிக் வர்றீங்க. ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாடிக். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. நாலாம் நாள் காய்ச்சல் விடுது. "அந்த டாக்டர் கைராசிக்காரர், ஒரே ஊசிதான்!" இது அதே காக்கா. அதே பனம்பழம். கழுத்துல ஸ்டெத் மாட்டியிருக்கு, அவ்வளவுதான்.

கீழாநெல்லிக்கு ஒரு நியாயம், அஜித்ரோமைசினுக்கு ஒரு நியாயம் கிடையாது. தேவையில்லாத ஆன்டிபயாடிக்கால கிருமிங்க பழகிப் போய், நிஜமா நிமோனியா வந்து கிடக்கிற குழந்தைக்கு மருந்து வேலை செய்யாம போகுது. "நான் டாக்டர் சொல்றேன், கேள்வி கேட்காதே"ன்னு யாராவது சொன்னா அதுவும் நாலாம் நம்பர் போலிக் காரணம்தான். டாக்டர்கிட்டயும் கேளுங்க: "இது எதுக்கு? சாப்பிடலைன்னா என்ன ஆகும்?" நல்ல டாக்டர் கோச்சுக்க மாட்டார்.

24/
அப்ப என்ன பண்ணணும்? அடுத்த தடவை குரூப்ல ஒரு மருத்துவக் குறிப்பு வந்தா நாலு கேள்வி.

ஒண்ணு: இதைச் செய்யாதவங்களுக்கு என்ன ஆச்சு?
ரெண்டு: இது பலிக்காம போனவங்க எங்க? அவங்க பேச வாய்ப்பு இருக்கா?
மூணு: எவ்வளவு அளவு, எத்தனை நாள், யாருக்குக் குடுக்கக் கூடாது? மூணுக்கும் பதில் இல்லாதது மருந்து இல்லை.
நாலு: என்ன நடந்தா இது தப்புன்னு ஒத்துக்குவீங்க?

நாலாவதுதான் முக்கியம். சரியானா மருந்து நல்லது, சரியாகலைன்னா நீங்க பத்தியம் சரியா இருக்கல, செத்துட்டா விதி. எது நடந்தாலும் தோற்காத வைத்தியம் எதையும் நிரூபிக்கவும் இல்லை.

25/
ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு நேரா குரூப்ல போய் பெரியப்பாவைப் பார்த்து "இது ஏதுப்போலி"ன்னு அடிக்காதீங்க. ஒருத்தர் சொன்ன காரணம் போலிங்கிறதால அவர் சொன்ன முடிவும் பொய்னு ஆகிடாது. "எங்க பாட்டி சொன்னாங்க, கை கழுவிட்டு சாப்பிடு." காரணம் வீக். ஆனா கை கழுவணும்.

அதோட, எல்லார் முன்னாடியும் தோத்தவர் மனசு மாறமாட்டார், குரூப்பை விட்டுத்தான் போவார். தனியா போன் பண்ணுங்க. "பெரியப்பா, நீங்க அக்கறையில அனுப்புறீங்கன்னு தெரியும். இதை நம்பி யாராவது ஊசி போடாம விட்டுட்டா என்ன பண்றது?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் அவரே டெலீட் பண்ணுவார். பெரியவங்களுக்கு மரியாதை குடுத்துக்கிட்டே அவங்க சொன்னதை மறுக்கலாம். ரெண்டும் வேற வேற விஷயம்.

26/
"அவங்கவங்க நம்பிக்கை, நமக்கென்ன?"ன்னு ஒரு நல்லவர் எப்பவும் வருவார். வயசுக்கு வந்தவர் தன் உடம்புக்கு எடுக்கிற முடிவுன்னா அது அவர் உரிமை. ஆனா நாய் கடிச்ச நாலு வயசுக் குழந்தைக்கு நம்பிக்கை கிடையாது. இன்சுலின் நிறுத்தப்பட்ட பையன்கிட்ட யாரும் கேட்கல. வீட்டுப் பிரசவம்னு முடிவான வீட்டுல அந்தப் பொண்ணு பேச்சு எத்தனை வீட்டுல எடுபடும்? போலிக் காரணம் சொல்றவர் ஒருத்தர், அதுக்கு விலை குடுக்கிறவர் பெரும்பாலும் வேற ஒருத்தர். அதனாலதான் இது தனிப்பட்ட நம்பிக்கை விஷயம்னு என்னால ஒதுங்கிப் போக முடியல.

27/
வாதம் எல்லாம் மறந்து போனாலும் இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நாய், பூனை, குரங்கு கடிச்சாலோ கீறினாலோ: ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். சொன்ன தேதியெல்லாம் போய் முடிங்க.
பாம்பு கடிச்சா: கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட இடத்தை அசைக்காம 108.
கண்ணு மஞ்சளானா: முதல்ல ரத்தப் பரிசோதனை, காரணம் என்னன்னு தெரியட்டும்.
டெங்கு காய்ச்சல் விட்ட மறுநாள்: அன்னைக்குத்தான் அதிகமா கவனிக்கணும்.
இன்சுலின்: யார் சொன்னாலும் நீங்களா நிறுத்தாதீங்க.

28/
இந்த இழைக்குக் கீழ "எங்க தாத்தா..."ன்னு முதல் கமெண்ட் அஞ்சு நிமிஷத்துல வரும். திட்டாதீங்க. "அவரோட செட்டுல மத்தவங்க எப்ப போனாங்க?"ன்னு மட்டும் கேளுங்க.

நான் சொன்னதுல எதாவது போலிக் காரணமா பட்டாலும் அதே நாலு கேள்வியை என்கிட்டயும் கேளுங்க. ராத்திரி டியூட்டி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.